எண் போட்ட பலகைகள்

பழைய மரப்பலகைகளைச் சுவரில் பதித்து அழகு பார்க்கும் வழக்கம் மேற்கு நாடுகளில் கடந்த இருபது ஆண்டுகளாகப் பெருகி வந்திருக்கிறது. கூடத்தின் மூன்று சுவர்களுக்கு வெள்ளைப் பூச்சு. நான்காவது சுவருக்கு மட்டும் இடிக்கப்பட்ட களஞ்சியத்திலிருந்தோ கைவிடப்பட்ட தொழிற்சாலையிலிருந்தோ கழற்றிய பலகைகள். ஆணித்துளை, வாள் தடம், வெயில் குடித்த சாம்பல் நிறம் எதையும் அவர்கள் மறைப்பதில்லை. அவற்றுக்காகவே விலை கொடுக்கிறார்கள். ரொறன்ரோவில் வாழும் என் மருமகள் முறையான பெண் ஒருத்தி புதுவீடு வாங்கியபோது அத்தகைய சுவரொன்றை அமைக்க விரும்பினாள். கனடியக் களஞ்சியப் பலகை வேண்டாம், அம்மம்மாவின் ஊர்ப் பலகைதான் வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். "சித்தாண்டியில பழைய பலகை எடுக்கலாந்தானே மாமா?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

எடுக்கலாம். மட்டக்களப்பில் பழைய பலகைக்குப் பஞ்சமில்லை. ஏன் பஞ்சமில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேடப் போனால் காட்டு மரத்தின் கதை, பெண்களின் சீதனக் கதை, புயலின் கதை, போரின் கதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. அவற்றில் நான் அறிந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாசிக்குடாக் கரையில் 2011 ஆம் ஆண்டிலிருந்து உல்லாச விடுதிகள் பல எழுந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் பழம்பலகைச் சுவர் ஒன்றைக் கண்டேன். விடுதியின் பெயர் இங்கு அவசியமில்லை. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி எண்ணெய் பூசி, மேலிருந்து விளக்கு பாய்ச்சியிருந்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. அருகே சென்று பார்த்தபோது பலகைகளின் ஓரத்தில் உளியால் கொத்திய எண்கள் தெரிந்தன. 4 இற்குப் பக்கத்தில் 11, அதற்கு மேல் தலைகீழாக 2, மூலையில் பாதி அறுபட்ட 9. "ஏதோ கணக்கு ஐயா, வடிவா இருக்கெண்டு அப்படியே விட்டிருக்கு" என்றார் அங்கு பணிபுரியும் இளைஞர்.

ஐம்பதைத் தாண்டிய மட்டக்களப்பார் எவருக்கும் அது என்ன கணக்கு என்று விளக்கத் தேவையில்லை. அவை கடைப்பலகைகள்.

இரும்புச் சுருள்கதவு வருவதற்கு முன்னர் எமது கடைத்தெருக்களில் கடைகளுக்கு முன்சுவர் கிடையாது. பகலில் கடை முகப்பு முழுவதும் திறந்தே கிடக்கும். இரவில் அதை அடைப்பது நிமிர்த்திச் செருகிய பலகைகளின் வரிசை. மேல் உத்தரத்திலும் கீழ்ப்படியிலும் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். ஒரு முனையில் மட்டும் பலகையை உள்ளே விடுவதற்கு வாய் உண்டு. அந்த வாயால் முதலாவது பலகையைச் செருகி மறுமுனை வரை தள்ள வேண்டும். பிறகு இரண்டாவது, மூன்றாவது... கடைசிப் பலகை வாயையே அடைத்துக்கொள்ளும். குறுக்கே ஓர் இரும்புச் சட்டம், அதில் ஒரு பூட்டு. ஒவ்வொரு பலகையும் தனக்கு அடுத்த பலகைக்கு ஏற்பச் சீவப்பட்டதாதலால் வரிசை மாறினால் கடை பூட்டுப்படாது. அதற்காகத்தான் எண். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் பலகைகள் ஈரம் குடித்து ஊதிவிடும். மார்கழி மாதத்தில் கடைசிப் பலகையைச் சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும். காலையில் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி உட்சுவரில் சாய்ப்பது கடைச் சிறுவனின் வேலை. ஆகையால் கடைப்பலகைக்குப் பாலை போன்ற பாரமான மரத்தை எவரும் எடுப்பதில்லை. பலா அல்லது சமண்டலைதான் வழக்கம். ஹர்த்தால் நாள்களில் முதலாளி கடைசி இரண்டு பலகைகளை மட்டும் நீக்கிவிட்டு, உள்ளே இருந்தபடி சீனியும் மண்ணெண்ணெயும் விற்பார். கடை பூட்டியும் இருக்கும், திறந்தும் இருக்கும். அரசியலுக்கும் வயிற்றுக்கும் ஒரே நேரத்தில் மரியாதை செய்யும் அந்த வித்தையைச் சுருள்கதவு எமக்குத் தரவில்லை!

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ-15 வீதியில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி, முறக்கொட்டான்சேனை, சந்திவெளி, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடி என்று ஊர்கள் கோத்த மணிகள்போல் வரும். இவ்வூர்களின் சந்திகளிலெல்லாம் பலகைக் கடைகள் இருந்தன. நகரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வடக்கே உள்ள சித்தாண்டியில் முருகன் கோயிலை அண்டியும் அத்தகைய கடைகள் இருந்ததை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும் திருவிழாக் காலத்தில் அவை நள்ளிரவு கடந்தும் பலகை போடுவதில்லை.

இந்தப் பலகைகளுக்கும் நிலைகளுக்கும் வளைகளுக்கும் மரம் எங்கிருந்து வந்தது? மட்டக்களப்பார் தம் நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என்று பிரித்துச் சொல்வர். சூரியன் எழும் கடற்பக்கம் ஒன்று. சூரியன் படும், வாவிக்கு மேற்கேயுள்ள வயலும் காடுமான பக்கம் மற்றொன்று. மரம் படுவான்கரையிலிருந்து வந்தது. முதிரை, பாலை, சமண்டலை, கருங்காலி, மருது என்பன இக்காடுகளின் பெருமரங்கள். தமிழகத்து வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் முதிரை என்பது உங்கள் ஊரில் புரசு அல்லது பொரசு எனப்படும் மரம். ஆங்கிலேயர் பட்டுத்துணியின் மினுமினுப்பை அதில் கண்டு அதற்குப் பட்டுமரம் என்ற பொருளில் பெயரிட்டனர். பொன் மஞ்சள் நிறம். சீவினால் ஒளி அலையலையாக ஓடும். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்தின் செல்வர் வீட்டுத் தளபாடங்களில் இந்த மரம் மெல்லிய தகடாக ஒட்டப்பட்டது. அங்கே தகடு, இங்கேயோ வண்டில் அச்சுக்கும் வீட்டு வளைக்கும் முழு மரமாகவே பயன்பட்டது.

முதிரையின் வலிமைக்குச் சான்று வேண்டுவோர் பேராதனைப் பாலத்தை நினைக்கலாம். 1833 அளவில் கேணல் பிரேசர் என்ற பொறியியலாளர் மகாவலி கங்கைக்கு மேலே 205 அடி அகலத்தை ஒரே வளைவால் தாண்டும் பாலமொன்றை முழுவதும் முதிரையாலேயே கட்டினார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது கண்டிச் சாலையின் பாரத்தைச் சுமந்தது. 1905 இல்தான் உருக்குப் பாலம் அதன் இடத்தைப் பிடித்தது. சமண்டலையோ கடல் கடந்து 'திருகோணமலை மரம்' என்ற பெயரில் விலைப்பட்டது. துறைமுகம் இல்லாத காலத்தில் சென்னைக் கரையின் அலைகளைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளையும் பொருளையும் கொண்டுசென்ற மசூலாப் படகுகளுக்கு அது விருப்பமான மரம். பாலைக்கு இத்தகைய புகழில்லை. நீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குப் பாரம், அறுப்பவனுக்குச் சாபம். ஆனால் மண்ணில் நட்டால் இரண்டு தலைமுறைக்கு இருக்கும்.

ஆங்கிலேயர் 1840 ஆம் ஆண்டின் சட்டத்தால் உரித்துக் காட்ட முடியாத காட்டையெல்லாம் முடிக்குரியதாக்கினர். பின்னர் 1907 ஆம் ஆண்டின் காடு கட்டளைச் சட்டம் மரம் வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரத்தை நிலைநிறுத்தியது. மட்டக்களப்புக்குப் புகையிரதம் 1928 இல் வந்து சேர்ந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்திற்காகத் தெற்கே பெருங்காடு வெட்டித் திறக்கப்பட்டது. அப்பகுதி 1961 இல் அம்பாறை என்று தனி மாவட்டமாகப் பிரிந்தது. நூறாண்டில் காடு எவ்வளவு பின்வாங்கியது என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம். என் பாட்டனார் காலத்து வீட்டு வளை முதிரை, தந்தையார் காலத்து வளை பனை, என் வீட்டு வளை தென்னை. இப்போது கட்டுவோர் இரும்புக் குழாய் வைக்கிறார்கள்.

ஆகவே பழைய பலகை என்பது இன்று வாங்க முடியாத மரம். அமெரிக்காவிலும் கதை இதுவேதான். அங்கே 1904 இல் நியூயோர்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சண நோய் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்நாட்டுச் செஸ்ட்நட் மரங்களை ஏறத்தாழ முழுமையாக அழித்துவிட்டது. இப்போது செஸ்ட்நட் பலகை வேண்டுமானால் பழைய களஞ்சியத்தை உடைத்தால்தான் உண்டு. களஞ்சியப் பலகை மோகத்தின் அடியில் அழகுணர்ச்சி மட்டுமல்ல, ஒரு மரத்தின் மரணமும் இருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது. தாய்வழிக் குடிமுறையும் முக்குவர் வழமையும் நிலவிய நிலம் இது. 1876 ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டம் வந்து அந்த வழமையைச் சட்ட ஏட்டிலிருந்து நீக்கியது. ஆயினும் மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்வளவில் சிறு வீடு போட்டுக்கொள்ளும் வழக்கத்தை எந்தச் சட்டமும் நீக்கவில்லை. மூத்தவளுக்கு இருந்த வீடு; அடுத்தவளுக்குப் புது வீடு; அதற்கடுத்தவளுக்கு அதிலும் புதிய வீடு. மூன்று பெண்கள் பிறந்த வீட்டில் தகப்பன் வாழ்நாள் முழுவதும் வீடு கட்டிக்கொண்டே இருப்பான். அவ்வளவு மரத்துக்கு எங்கே போவது? அங்கேதான் பழைய மரம் வேலை செய்தது. பழைய வீட்டைப் பிரித்தால் சுவர் மண்ணோடு மண். கூரைக் கிடுகு அடுப்புக்கு. நிலை, கதவு, யன்னல், வளை, தீராந்தி ஆகிய ஐந்தும் அடுத்த பெண்ணின் வீட்டுக்குப் போகும். (யன்னலும் கதிரையும் மேசையும் அலுமாரியும் போர்த்துக்கேயச் சொற்கள் என்பதை வாசகர்கள் அறிவர். மரத்தின் பெயர் தமிழாகவும் மரத்தால் செய்த பொருளின் பெயர் போர்த்துக்கேயமாகவும் இருப்பது எமது தச்சுத் தொழிலின் வரலாற்றையே சொல்லிவிடுகிறது.) என் மாமி ஒருவரின் வீட்டு வாசல் நிலையில் மூன்று உயரத்தில் மூன்று தாழ்ப்பாள் துளைகள் இருந்தன. மூன்று வீடுகளில் மூன்று கதவுகளைத் தாங்கிய நிலை அது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. மயமதம் முதலிய சிற்ப நூல்கள், வேறொரு கட்டடத்தில் இருந்த மரத்தைப் புதுமனையில் சேர்க்கக் கூடாதென்று விலக்குகின்றன. 6 ஆம் நூற்றாண்டின் வராகமிகிரரும் பிருகத் சங்கிதையில் புயலில் விழுந்த மரம், இடி தாக்கிய மரம், கோயில் மரம், சுடுகாட்டு மரம் என்று ஆகாத மரங்களின் நீண்ட பட்டியலொன்றைத் தருகிறார். எமது ஊர் ஓடாவிமார் இவற்றைப் படித்தவர்களல்லர். ஆனால் பாழ்வீட்டு மரம் ஆகாது என்பதை வாய்வழியாக அறிவர். தாய்வீட்டு மரம் மகள் வீட்டுக்குப் போவதை மட்டும் அவர்கள் குற்றமாகக் கொள்வதில்லை. அது பிறர் வீட்டு மரமன்று என்பது அவர்களின் வாதம். இந்த விலக்கை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பழைய மரத்தோடு கறையானும் உளுப்பும் புதுவீட்டுக்குக் குடிவரும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி வராகமிகிரரின் பட்டியலைக் கிழித்துப் போட்டது. எனக்கு அப்போது பத்து வயது. அந்த இரவின் ஓசையை எழுத்தில் கொண்டுவர முடியாது. பலர் முயன்று தோற்றிருக்கிறார்கள், நானும் முயலப்போவதில்லை. நாடெங்கும் 900 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. விடிந்தபோது ஊரில் நின்ற மரத்தைவிடக் கிடந்த மரம் அதிகம். கூரையற்ற வீடுகள் ஒருபுறம், விழுந்த மரங்கள் மறுபுறம். புயலில் விழுந்த மரம் ஆகாதென்று சொல்ல எவருக்கும் அருகதை இருக்கவில்லை. மேலொருவர் கீழொருவராக நின்று இழுக்கும் பெருவாள்கள் மாதக்கணக்கில் ஓய்வின்றி ஓடின. சாலை மரங்களும் வளவு வேம்புகளும் பலாக்களும் பலகைகளாயின. இன்று இப்பகுதியில் கழற்றப்படும் பழம்பலகைகளில் கணிசமானவை அந்தப் புயல் மரங்கள் என்பது நான் பேசிய ஓடாவிமார் எல்லோரினதும் கணிப்பு. அவசரத்தில் ஈரத்தோடு அறுக்கப்பட்டதால் அவை சற்றே முறுகியிருக்கும். அதைக் கொண்டே இனம் கண்டுவிடலாம் என்கிறார்கள்.

பிறகு 1990. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது இந்த வீதியோர ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. செங்கலடிக் கடைகளும் வாழைச்சேனைக் கடைகளும் எரிந்தன. மக்கள் படுவான்கரைக்கும் கோயில்களுக்கும் பாடசாலைகளுக்கும் ஓடினர். ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களும், 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் உறக்கத்தில் இருந்த முஸ்லிம் குடும்பங்களும் விடுதலைப்புலிகளால் கொல்லப்பட்டனர். செப்ரெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் அழைத்துச் சென்றது, அவர்கள் திரும்பவில்லை. சித்தாண்டியிலிருந்து வந்தாறுமூலை சைக்கிள் தூரம்.

மனிதர் இல்லாத வீட்டில் முதலில் போவது பாத்திரம், பிறகு ஓடு, பிறகு கதவு. நிலையைச் சுவரிலிருந்து பெயர்ப்பதற்கு நேரம் வேண்டும். நேரம் இருந்தபோது அதுவும் போயிற்று. எரிந்த வீட்டில்கூட முதிரை வளை மேல்தோல் மட்டும் கருகி உள்ளே வைரம் கெடாமல் நிற்கும். அதையும் இறக்கினார்கள். யார் இறக்கினார்கள்? துப்பாக்கி வைத்திருந்தவர்கள் காவலரணுக்கு இறக்கினார்கள்; அதில் எந்தத் தரப்பும் விலக்கில்லை. துப்பாக்கி இல்லாதவர்கள் விற்பதற்கு இறக்கினார்கள். அயலவரும் இறக்கினார்கள். தமிழர் வீட்டுக் கதவு முஸ்லிம் ஊரிலும், முஸ்லிம் வீட்டுக் கதவு தமிழ் ஊரிலும், இரண்டும் தெற்கு நகரங்களிலும் விலைப்பட்டன. வடக்கில் 1990 இல் நின்றுபோன புகையிரதப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிக் கூரைகளாயின. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது அது ஓடியது முற்றிலும் புதிய பாதையில். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது கதவுகளை எடுத்துச் செல்ல மனிதர் தேவைப்படவில்லை. கரையோர ஊர்களின் நிலைகளும் கதவுகளும் வாவிக்குள் மிதந்தன.

இழப்பீட்டுப் படிவங்கள் பலவற்றை நான் பத்திரிகைப் பணியில் பார்த்திருக்கிறேன். 1987 இல் அமைக்கப்பட்ட புனர்வாழ்வு அதிகாரசபையின் காலத்திலும், 2018 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இழப்பீட்டு அலுவலகத்தின் காலத்திலும் வீடு என்பது ஒரு தொகையாகவே எழுதப்படுகிறது. "வாசல் நிலை, முதிரை, தாயின் தாய் வீட்டிலிருந்து வந்தது" என்று எழுத அங்கே நிரல் இல்லை.

பழம்பலகை வியாபாரம் இந்தப் பின்னணியிலேதான் நடக்கிறது. மரக்காலைகளின் பின்புறத்தில் நிலைகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவை இன்று நேர்மையாக வந்தவையே. பழைய வீட்டை உடைத்துக் கொங்கிறீற் வீடு கட்டுவோர் விற்றவை, பாடசாலைக் கட்டடங்களைப் புதுப்பித்தபோது ஏலத்தில் போனவை, கடைக்காரர் சுருள்கதவு போட்டபோது கழித்தவை. ஆனால் முப்பது ஆண்டுகளாகக் கைமாறிக் கைமாறி வந்த பலகைக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் கிடையாது. "எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டால் "பழைய வீடு ஒன்று" என்பார்கள். எந்தப் பழைய வீடு என்று இரண்டாவது கேள்வியை வாங்குபவர் கேட்பதில்லை. சிற்ப நூலாரின் விலக்குக்கு இரண்டாவது காரணம் இதுவென்று நான் கருதுகிறேன். மனிதர் நீங்கிய வீட்டு மரத்துக்கு விலையும் இல்லை, மரியாதையும் இல்லை என்று ஊர் முழுவதும் நம்பினால் அதைக் கழற்ற எவனும் ஏணி கொண்டு போகமாட்டான்.

மற்ற ஊர்களில் இத்தனை சிக்கல் இல்லை. செட்டிநாட்டில் பர்மாத் தேக்கால் கட்டிய மாளிகைகள், 1942 இல் ஜப்பானியர் படையெடுப்பாலும் 1962 இற்குப் பின்னரான இராணுவ ஆட்சியாலும் பர்மா வருமானம் அற்றுப்போனதும் பங்காளிகளிடையே பிரிக்க முடியாத சுமையாயின. உடைத்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தத் தூண்களும் கதவுகளும் இன்றும் விலைக்கு வருகின்றன. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா தம் சொந்த வீட்டிலேயே செட்டிநாட்டுத் தூண்களை நிறுத்தினார். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் உடைபட இருந்த வீடுகளைப் பெயர்த்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். இலண்டனில் லிபேர்ட்டி அங்காடியின் 1924 ஆம் ஆண்டுக் கட்டடம், உடைக்கப்பட்ட இரண்டு போர்க்கப்பல்களின் மரத்தால் ஆனது. அந்தக் கப்பல்களின் பெயர்களும் எல்லோருக்கும் தெரியும். அங்கெல்லாம் மரம் விற்கப்பட்டது. விற்றவர் யார் என்பதும் பதிவாகியிருக்கிறது.

மருமகளின் சுவருக்கு வருகிறேன். பழம்பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதை 1988 ஆம் ஆண்டின் பண்பாட்டு ஆதனச் சட்டம் தடுக்கிறது. கனடாவும் பூச்சி நீக்கப்பட்டதற்குச் சான்றில்லாத மரத்தை உள்ளே விடாது. இவற்றை விளக்கியபோது அவள் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, அப்படியென்றால் சித்தாண்டியில் அம்மம்மாவின் வளவில் இடிந்து நிற்கும் வீட்டு மரத்தை அங்கேயே, தன் சித்தி கட்டும் புதுவீட்டில் சுவராக்கலாமா என்று கேட்டாள். செலவை அவள் ஏற்றுக்கொண்டாள். அந்த மரத்தின் கதை எனக்குத் தெரியும். தாயிடமிருந்து மகளுக்குப் போகும் மரம். ஓடாவிமாரின் கணக்கில் குற்றமில்லை.

வேலையை எடுத்தவர் எழுபதைத் தாண்டிய ஓடாவி ஒருவர். அவர் செய்த முறையை எழுதி வைப்பது பயன்படும். முதலில் மரத்தை இறக்கி, நிலத்தில் படாமல் கல்லின் மேல், பலகைக்கும் பலகைக்கும் இடையில் சலாகை வைத்து நிழலில் அடுக்கினார். வெயிலில் போட்டால் வெடிக்கும். மூன்று கிழமைக்குப் பின் ஒவ்வொன்றையும் சுத்தியல் காம்பால் தட்டிக் கேட்டார். "வைரமெண்டால் கணீரெண்டும் மனே, கறையான் தின்டதெண்டால் பொத்துப் பொத்தெண்டும்" என்றார். பொத்தென்றவை அடுப்புக்குப் போயின. பழைய ஆணிகளைப் பிடுங்கினார். தலை முறிந்து உள்ளே தங்கியவற்றைக் காந்தம் கொண்டு தேடினார். ஒரேயொரு ஆணி மர ஆலையின் வாளைப் பாழாக்கிவிடும், ஆளையும் காயப்படுத்தும். பச்சை, நீலப் பூச்சு இருந்த கதவுத் துண்டுகளைச் சுரண்டாமல் விலக்கிவைத்தார். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும்; அந்தத் தூள் சிறுபிள்ளைகளுக்கு நஞ்சு. புகையிரதச் சிலிப்பர் கட்டை இரண்டு வளவில் கிடந்தன. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவரவே மறுத்துவிட்டார். கீலெண்ணெய் ஊறிய மரம் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2003 இலிருந்து அத்தகைய மரத்தைப் பொதுமக்களுக்கு விற்பதையே தடைசெய்திருக்கிறது என்று நான் சொன்னேன். "மணத்தாலேயே தெரியுதே" என்றார் அவர்.

சுவரில் நேரடியாகப் பலகையை அறையக்கூடாது என்பது அவர் பலமுறை வலியுறுத்திய செய்தி. எமது செங்கற் சுவர் மாரியில் ஈரம் இழுக்கும். முதலில் ஓர் அங்குல ரீப்பைகளை இரண்டடிக்கு ஒன்றாக நிமிர்த்தித் திருகாணியால் இறுக்கினார். பலகைகளை அவற்றின் மேல் குறுக்காகப் பதித்தார். மேலும் கீழும் இரண்டு விரல் இடைவெளி. காற்று பின்புறமாக ஏறி இறங்கும், கறையான் வந்தாலும் கண்ணில் படும். பொருத்துகள் ஒரே நேர்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைத்தார். சீவுளி போடவில்லை, கம்பித் தூரிகையால் தேய்த்து ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு ஆளிவிதை எண்ணெயை இரண்டு முறை தடவினார். பன்னிரண்டடி நீளம், எட்டடி உயரம். ஓடாவியும் உதவியாளும் ஆறு நாள். முதிரைத் துண்டுகள் விளக்கொளியில் இன்னும் மினுங்குகின்றன. மூன்று தாழ்ப்பாள் துளைகள் கொண்ட நிலையை மட்டும் அறுக்க விடவில்லை. அது அந்த அறையின் வாசலில் நிலையாகவே நிற்கிறது, நான்காவது கதவோடு.

இதைப்போல் செய்ய விரும்பும் வாசகர்களுக்கு ஒரு சொல். பழைய மரமானாலும் முதிரை, பாலை, பலா ஏற்றிய வாகனத்தை வழியில் மறித்துக் கேள்வி கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டால் அலைச்சல் குறையும். வாங்கும் இடத்தில் அந்த இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்.

வேலை முடிந்த நாளில் ஓடாவி தம் பட்டறையின் பரணைக் காட்டினார். அங்கே பதினொரு கடைப்பலகைகள் துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தன. 1990 களின் நடுப்பகுதியில் விறகு வண்டில் ஒன்றில் வந்தவற்றை விலை கொடுத்து வாங்கியதாகச் சொன்னார். அறுக்க மனம் வரவில்லையாம். "எண் போட்ட பலகைக்கு ஆள் இருக்கும் மனே. தேடி வந்தால் குடுக்கோணும்" என்றார். அவருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் இத்தொழிலில் இல்லை. ஆகவே அடையாளங்களை இங்கே தருகிறேன்.

மரம் பலா. உயரம் ஆறடி எட்டு அங்குலம், அகலம் ஒன்பது அங்குலம், தடிப்பு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எண்கள் உளியால் கொத்தப்பட்டவை; 1 முதல் 12 வரை, 7 இல்லை. 12 ஆம் பலகையில் சட்டம் மாட்டும் இரும்பு வளையம் அப்படியே இருக்கிறது. வெளிப்புறத்தில் மங்கிய நீலப் பூச்சு. 3 ஆம் பலகையின் உட்புறத்தில் பென்சிலால் கடன் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. பெயர்கள் அழிந்துவிட்டன, 'அரிசி 2 கொத்து' என்பது மட்டும் வாசிக்கக்கூடியதாக உள்ளது. 5 ஆம் பலகையின் கீழ்முனை ஒரு சாண் அளவுக்குக் கருகியிருக்கிறது. செங்கலடிக்கும் கிரானுக்கும் இடையில் இத்தகைய கடையொன்றை வைத்திருந்தவர்களோ அவர்களின் பிள்ளைகளோ இதைப் படித்தால், அல்லது படித்தவர் எவரேனும் அவர்களை அறிந்திருந்தால், எனக்கு எழுதுங்கள்.